தொட்டி கழற்றிய வண்டி

போனவன் வண்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதனால் அவன் போய்விட்டான் என்பதே வீட்டில் யாருக்கும் உடனே உறைக்கவில்லை. பிக்கப் வண்டி வழக்கம்போல வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், சுவரை ஒட்டி, மூக்கைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. சாவி அடுப்படிக் கதவின் ஆணியில் தொங்கியது. வண்டி இருக்கிறவரை வண்டிக்காரன் எங்கே போய்விடுவான்? கடைக்குப் போயிருப்பான், முடி வெட்டிக்கொள்ளப் போயிருப்பான் என்று அன்றைக்கு முழுக்கப் புருஷன் பங்குச் சோற்றை மூடி வைத்திருந்தாள் அண்ணி.

அண்ணி என்பது நாத்தனார் கூப்பிடுகிற முறை. தெருமுனையில் வரும்போதே "அண்ணீ!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவள் அவள். கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பால்காரர், தண்ணீர் வண்டிக்காரர், இவளைவிட இருபது வயது மூத்த எதிர்வீட்டு அம்மா உட்பட எல்லோருக்கும் இவள் அண்ணிதான்.

மறுநாள் அவன் தன் தங்கைக்கு, இந்த நாத்தனாருக்குத்தான் போன் செய்தான். வேறு ஊரில், அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். அங்கேயே இருக்கப் போகிறானாம். ஏன் என்று கேட்டதற்கு, தெரியல என்றானாம். தங்கை மூக்கைச் சிந்திச் சிந்தி இதை அடுப்படியில் வந்து சொன்னாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, இன்னொருத்தியும் இல்லை. இன்னொருத்தி இருந்திருந்தால்கூடத் திட்டித் தீர்க்க ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி" என்றாள். அடுப்பைக் குறைத்தாள்.

அதற்கப்புறம் அவள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் வைத்திருந்தாள். எதிர்வீட்டு அம்மா வந்து ஆறுதல் சொன்னாலும் சரி, சோற்றில் உப்பில்லை என்று மாமனார் சொன்னாலும் சரி. தானும் அதே சோற்றைத்தான் தின்றிருந்தாள். உப்பில்லாதது அவளுக்குத் தெரியவில்லை.

பலகைக் கடைக்காரர் ஒருநாள் வீடு தேடி வந்தார். அவருடைய கதவுகளையும் ஒட்டுப்பலகைகளையும் வீடு கட்டுகிறவர்களிடம் கொண்டு சேர்ப்பதுதான் இத்தனை வருஷமும் அந்த வண்டியின் பிழைப்பு. புருஷனுக்கு முதுகு பிடித்துக்கொள்கிற நாட்களில் அண்ணிதான் ஓட்டுவாள். அதனால் அவள் கை வண்டிக்குப் புதிதில்லை.

"நீயே ஓட்டறதுன்னா எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் கடைக்காரர். "ஆனா பின்னால இருக்கற அந்தத் தொட்டிதான் வம்பு. நடுவுல சக்கரத்துக்கு மேல ரெண்டு திமில் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. பலகை படுக்கவே மாட்டேங்குது. சாய்ச்சு வெச்சு வெச்சு எத்தனை கதவு மூலை போச்சு தெரியுமா? அதை எடுத்துட்டுத் தட்டையா பிளாட் பாடி கட்டிட்டேன்னா சொல்லு, என் லோடு பூரா உனக்குத்தான். இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன். தப்பா நினைக்காத."

"சரி" என்றாள் அண்ணி.

எந்தச் சரி என்று புரியாமல் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நாத்தனாருக்குப் புரிந்தது. இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் வெல்டிங் வேலை அவளுக்கு. வேலைக்குப் போன புதிதில் முதல் பொறி பறந்ததும் பட்டறையை விட்டே ஓடிப்போய் எதிர்க்கடையில் நின்றாளாம். அன்றிலிருந்து அங்கே அவளுக்குப் பொறி என்றுதான் பெயர். இப்போது அவள் போடுகிற வெல்டிங்கைப் பட்டறை முதலாளியே வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். பெயர் மட்டும் மாறவில்லை.

"நாமே கட்டிடலாம் அண்ணி" என்றாள் பொறி. "இங்கேயே, இந்தச் சந்துலயே. ஞாயித்துக்கிழமை மிஷினைக் கொண்டாந்துடறேன்."

முதலில் தொட்டியைக் கழற்ற வேண்டும். அடியில் இருந்த போல்ட்டுகள் சேறும் துருவுமாகச் சேர்ந்து கல்லாகிக் கிடந்தன. பொறி எண்ணெய் விட்டு ஊற வைத்தாள். ஸ்பானர் கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகி இருவருமாகத் தொங்கினார்கள். ஒன்று கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. இன்னொன்றின் தலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த அண்ணியின் கண்ணிலும் வாயிலும் துருத்தூள் கொட்டியது. அவள் துப்பக்கூட இல்லை.

அத்தனை பெரிய தொட்டியை இரண்டு பெண்கள் தூக்க முடியுமா? தூக்கவில்லை. ஜாக்கி வைத்து ஒவ்வொரு மூலையாக உயர்த்தி, தொட்டிக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு இரும்புக் குழாய்களைக் குறுக்கே விட்டு, குழாய் முனைகளை இருபக்கமும் டிரம்கள் மேல் உட்கார வைத்தார்கள். டயர் குழாயில் தட்டாத உயரம் வந்ததும் பொறி சொன்னாள்: "இப்ப மெதுவா வண்டியை உருவிடு அண்ணி. தொட்டி அதுபாட்டுக்கு நிக்கட்டும்."

அண்ணி ஏறி உட்கார்ந்து வண்டியை முன்னால் எடுத்தாள். தொட்டி அந்தரத்தில் நின்றது. வண்டி வெறும் எலும்பாக வெளியே வந்தது.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு காது அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. மற்றது அவருக்கு வேண்டியதை மட்டும் கேட்கும்.

"ஏம்மா, அவன் வந்தா வண்டி அடையாளம் தெரியாதேம்மா!"

"வீடு அடையாளம் தெரியும்ல? அது போதும்!" என்று கத்தினாள் பொறி.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வாயை மூடிக்கப்பா, தூசி போகுது!"

தொட்டியைப் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப் போனார். அடுத்த ஞாயிறுகளில் சந்து பட்டறையாகிவிட்டது. தரையில் செங்கல் அடுக்கி மட்டம் பார்த்து, அதன்மேல் சட்டத்தைக் கட்டினார்கள். நீளவாக்கில் இரண்டு கனத்த இரும்புச் சேனல். அவைதான் வண்டியின் முதுகெலும்பான சேஸிஸ்மேல் உட்காரப் போகிறவை. அவற்றுக்குக் குறுக்கே வரிசையாகச் சதுரக் குழாய்கள். பொறி ஒவ்வொரு மூட்டிலும் முதலில் ஒரு புள்ளி வெல்டிங்தான் வைப்பாள். பிறகு அளவு டேப்பின் ஒரு முனையை அண்ணி கையில் கொடுத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளப்பாள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறவரை சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்துவாள். வந்த பிறகுதான் முழு வெல்டிங். அதுவும் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போகமாட்டாள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். ஒரே பக்கம் சூடேற்றினால் சட்டம் கோணிக்கொள்ளுமாம்.

வெல்டிங் கசடு தட்டுவதும், கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், செந்நிறப் பெயின்ட் அடிப்பதும் அண்ணியின் வேலை. அவளுக்கு அந்த வேலை ஒத்துப்போனது. தேய்க்கிற இடத்தில் தேய்த்தால் போதும். யாரும் எதுவும் கேட்பதில்லை. மத்தியானம் சோறும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்குமாக மூவரும் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பொறி வாய் ஓயாமல் பட்டறைக் கதை சொல்லுவாள். மாமனார் தப்புத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டு அதற்குப் பதில் சொல்லுவார். அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டு மெல்லுவாள்.

சட்டம் முடிந்து அதைப் புரட்டிப் போட்ட அன்றைக்குத்தான் அது நடந்தது. ஒரு பக்கம் பொறி, ஒரு பக்கம் அண்ணி. "விடு" என்றதும் இருவரும் விட்டார்கள். சட்டம் தொப்பென்று செங்கல்மேல் இறங்கியது. பொறி அளவு பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது, குழாயில் ஈரமாக ஏதோ வழிந்திருந்தது.

"அண்ணி, பெயின்ட் இன்னும் காயலையா?"

பெயின்ட் இல்லை. அண்ணியின் நடுவிரல் நகம் பிளந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையாலேயே அவள் பிரஷ் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! கையைப் பாரு! வலிக்கலையா உனக்கு?"

அண்ணி விரலைத் தூக்கிப் பார்த்தாள். வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"தெரியல."

பொறிக்கு வந்ததே கோபம். "நீயும் அதையே சொல்லாத! அங்க அவனும் தெரியலங்கறான், இங்க நீயும் தெரியலங்கற. நடுவுல நான் ஒருத்திதான் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுச் சாகணுமா?" கத்திக்கொண்டே அவள் விரலைத் தண்ணீரில் கழுவி, துணி கிழித்துச் சுற்றினாள். கட்டிக்கொண்ட கை அசையவில்லை.

அண்ணி கேட்டாள்: "வாரா வாரம் பேசறாரா?"

பொறி முடிச்சைப் போட்டபடியே குனிந்திருந்தாள். "யாரு?"

"நீதான் சொன்னியே, அங்க அவனும் தெரியலங்கறான்னு. அதுக்கு முன்னாடியே தெரியும் எனக்கு. பின்னாடி குறுக்குக் குழாயை நீ முதல்ல நெருக்கமாத்தான் வெச்சே. சாப்பிட்டு வந்ததும் தள்ளி வெச்சே. ஸ்டெப்னி டயர் அந்தப் பக்கமாத்தான் கீழ இறங்கும், இடம் விடணும்னு சொன்னே. அந்த டயர் சிக்கிக்கும்கிறது ஓட்டினவங்களுக்குத்தானே தெரியும்? எனக்கே மறந்துபோச்சு. உனக்கு யாரு சொல்லியிருப்பா?"

பொறி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன் வருது அண்ணி. உன்கிட்ட மறைக்கணும்னு இல்ல. பாடி எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு கேப்பான். போட்டோ அனுப்புவேன். இதை இப்படி வை, அதை அப்படி வைன்னு சொல்லுவான். வேற எதுவும் பேசமாட்டான். நான் அழுதா வெச்சிடறான். இதைப் பத்திப் பேசினா மட்டும் பேசறான். அதான் விட முடியல."

"சரி."

"சரியா? திட்டு அண்ணி. என்னையாவது திட்டேன்."

அண்ணி யோசித்தாள். திட்டு வருகிறதா என்று உண்மையாகவே தேடிப் பார்த்தாள். வரவில்லை. "முதுகு வலி எப்படி இருக்காம்?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல், கட்டுப்போட்ட கையை விட்டுவிட்டு மறுகையில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சட்டத்துக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். தார்ப்பாய் நடுவில் தண்ணீர் குளமாகத் தேங்கும். காலையில் எழுந்ததும் துடைப்பக் கட்டையால் அதைக் கீழிருந்து தள்ளிக் கொட்டுவது மாமனாரின் வேலையாகிவிட்டது. யாரும் சொல்லவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார். மழை விட்டதும் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்து கைகொடுக்க, சட்டத்தை வண்டிமேல் ஏற்றி, நடுவே ரப்பர் பட்டை கொடுத்து, யூ போல்ட் போட்டு இறுக்கினார்கள். வண்டியின் முதுகெலும்பில் வெல்டிங் வைக்கக் கூடாது, சூட்டில் வலு போய்விடும் என்று பொறி பிடிவாதமாக இருந்தாள். அப்புறம் பலகை. பலகைக் கடைக்காரரே நல்ல கெட்டி மரமாகப் பார்த்து அனுப்பியிருந்தார். அண்ணி ஒவ்வொன்றாகத் துளையிட்டு போல்ட் முடுக்கினாள். ஓரங்களில் கயிறு கட்டக் கொக்கிகள் வரிசையாக வந்தன.

இரும்பு வேலையில் கடைசியாக மிஞ்சியது முன்சட்டம். ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால், பின்கண்ணாடிக்குத் தடுப்பாக நிற்கிற கம்பி வலைச் சட்டம். பிரேக் போட்டால் பலகை முன்னால் பாய்ந்து கண்ணாடியைப் பிளக்காமல் தடுக்க அது வேண்டும். அன்றைக்குக் காற்றும் வேறு. இருவருமாகத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். ஆனால் பொறி வெல்டிங் பிடிக்கப் போனால் அண்ணி ஒருத்தியால் அதை நேராக நிறுத்த முடியவில்லை. கை மாற்றிக் கை பிடித்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அப்பா, நீ வந்து பிடிக்கிறியா?"

"ஆள் வந்திருக்கு" என்றார் மாமனார்.

"என்னப்பா?"

"ஆள் வந்திருக்குன்னு சொல்றேன்."

சந்தின் வாயில் அவன் நின்றிருந்தான். தோளில் ஒரு பை. இளைத்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். சுவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பிடிக்கட்டுமா?" என்றான்.

அண்ணியின் கைகளில் சட்டம் சாய்ந்துகொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் பிடிங்க."

பையை வாசற்படியில் வைத்துவிட்டு வண்டிமேல் ஏறி வந்தான். ஒரு முனையில் அவன், ஒரு முனையில் அவள். பொறி முகமூடியை இறக்கிக்கொண்டாள். அதற்குள் அவள் முகம் என்ன ஆயிற்றோ யாருக்கும் தெரியாது. முதல் புள்ளி வைத்தபோது வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கி மறுபடி வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் உங்க பக்கம்" என்றாள் அண்ணி.

"இப்ப?"

"ரொம்பப் போச்சு."

"இப்ப சரியா?"

"பிடிங்க, அசையாதீங்க."

இருவரும் முகத்தை வெளிச்சத்திலிருந்து திருப்பிக்கொண்டார்கள். அவன் மணிக்கட்டில் தீப்பொறிகள் விழுந்தன. அவன் விடவில்லை. இப்படித்தான் எத்தனையோ கதவுகளை ஆளுக்கொரு முனை பிடித்து இருவரும் மாடிப்படி ஏற்றியிருக்கிறார்கள். அவன் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாய்வான் என்பது அவள் கைகளுக்கு இன்னமும் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் எதுவும் தோன்றவில்லை.

வேலை முடிந்ததும் அவன் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து ஸ்டெப்னி டயர் இறங்குகிற இடத்தைப் பார்த்தான். பலகையைக் கையால் தடவினான்.

"நல்லா வந்திருக்கு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?"

அண்ணி கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில லோடு இருக்கு. நான் ஓட்டறப்ப பாத்துக்கறேன். கை கழுவுங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லோரும் சொல்லுகிற வார்த்தைதான். அவளும் பலகைக் கடைக்காரரிடம், தண்ணீர் வண்டிக்காரரிடம், பட்டறைப் பையன்களிடம் சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நின்று பார்த்தாள். வாய் வரவில்லை. பொறி கேபிளைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தாள். அவன் வாசற்படியில் இருந்த பையைப் பார்த்தான்.

"சரி" என்றான் அவன்.

குழாயடியில் அவள் தண்ணீர் ஊற்ற, அவன் கை நீட்டினான். கறுப்பாக இறங்கிய தண்ணீர் வெளுக்கிறவரை தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்னு கேக்கமாட்டியா?" என்றான் தாழ்ந்த குரலில்.

"கேட்டா உங்களுக்குத் தெரியுமா?"

அவன் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. "இல்ல. ஒருநாள் காலையில எந்திரிச்சேன். சாவியை எடுக்கக் கை போகல. அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"இப்ப வந்திருக்கேன்ல."

"ஆமா. வந்தீங்க." செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவன் கையில் ஊற்றினாள். "நாளைக்குக் காலையில எந்திரிச்சுக் கை போகலைன்னா, மறுபடியும் உங்க சோத்தை மூடி வெச்சுக்கிட்டு உக்காரணும். என்னால முடியாதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பலகையின் நீளத்தைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

நால்வரும் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவனுக்கு அவள் இரண்டாம் தரம் சோறு போட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறிக்கு ஒரு கதையும் அகப்படவில்லை. கடைசியில் அவன்தான் பேசினான்.

"அப்பா, அங்க ரூம் ஒண்ணு இருக்கு. நீ வேணும்னா என்கூட வந்து இரேன். இவளுக்கு எதுக்குச் சுமை?"

மாமனார் முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்பா. உன்னைத்தான். என்கூட வரியா?"

"காது கேக்கல" என்றார் மாமனார்.

"என்கூட வரியான்னு கேட்டேன்!"

"ரெண்டு காதும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டை மருமகள் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா."

அவன் கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தான். தங்கையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அவள் தட்டிவிடவில்லை. சந்து முனைவரை போனவன் அங்கே திரும்பி நின்றான். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன் வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. வாயைத் திறந்தான், மூடினான், தலையை மட்டும் ஆட்டினான். அவளும் தலையை ஆட்டினாள். அவன் போனான்.

வெகுநேரம் கழித்து மாமனார் சொன்னார்: "அவனைப் போகச் சொல்லிட்டியேம்மா."

"சாப்பிடச் சொன்னேன் மாமா."

"போகவும் சொன்ன."

"ஆமா."

அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளை. துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. "சரி. இருட்டுது. இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

விளக்குதான் பாக்கி. புதுச் சட்டத்தின் பின்முனையில் பிரேக் விளக்கையும் இன்டிகேட்டரையும் பொறி பொருத்தி, ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றியிருந்தாள். எரிகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அண்ணி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

"இடது!" என்றாள் பொறி.

"எரியுது! அணையுது! எரியுது!" என்றார் மாமனார்.

"அப்பா, அது அப்படித்தான் எரியும். வலது!"

"அதுவும் அப்படித்தான்!"

"பிரேக்கை மிதி அண்ணி!"

அண்ணி மிதித்தாள். சந்தின் சுவரெல்லாம் சிவந்தது. எதிரில் தொங்கிய சிறு கண்ணாடியில், கம்பி வலைக்கு அப்பால், நீளமாகக் கிடந்த வெறும் பலகையும் அதன் முடிவில் சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கிற கிழவரும் தெரிந்தார்கள். நடுவில் மறைக்க ஒன்றுமில்லை.

"எரியுதும்மா! ரெண்டும் எரியுது!"

"போதும் அண்ணி, எடுத்துடு!" என்றாள் பொறி.

அண்ணி காலை எடுக்கவில்லை.

"அண்ணி, பாத்தாச்சு. எடு!"

எடுக்கத்தான் நினைத்தாள். மிதித்த கால் மிதித்தபடியே இருந்தது. பாதத்தில் ஆரம்பித்த நடுக்கம் முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, இருக்கையே ஆடியது. அவள் இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. பொறி ஓடிவந்து கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்துவிட்டுப் படியில் ஏறி, அந்த முழங்கால்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டாள்.

பின்னால் மாமனாருக்கு எதுவும் தெரியாது. "எரியுது, நல்லா எரியுது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.